செல்வராணி வழுக்கி விழவில்லை

என் மகனுக்கு, கீழ் கோத்தகிரியிலிருந்து அம்மா எழுதுவது. மேலே கோத்தகிரிப் பக்கம் உறைபனி விழுகிறதாம். நம் சரிவில் குளிர் மட்டும்தான், அதுவும் என் முழங்காலுக்குத் தெரிகிற அளவுக்கு. மற்றபடி குறையில்லை. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மல்லிகாவின் மகள் திவ்யா நர்சிங் மூன்றாம் வருடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். அவள் தம்பி கவின் கோகோ விளையாட ஊட்டிக்குப் போய் ஒரு கேடயமும் முழங்காலில் ஒரு பெரிய காயமும் வாங்கிவந்தான். கேடயம் என் அலமாரியில் இருக்கிறது, காயம் ஆறிவிட்டது. உன் மகள் யாழினி மனக்கணக்குப் போட்டியில் கோயம்புத்தூரிலேயே இரண்டாவதாக வந்ததை நீ போனில் ஒரே வரியில் சொன்னாய். நான் அதை இங்கே பத்து வீட்டில் பத்து வரியாகச் சொன்னேன். நீ இருக்கிறாய். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, பம்பு செய்கிற கம்பெனியில் பதினான்கு வருடம் வேலை பார்த்து, இந்தத் தை கடைசியில் கத்தாருக்குப் போகப் போகிறாய். ஐந்தாம் வகுப்போடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பட்டியலைத் தண்ணீர்க் குழாயடியில் நான் சொல்லாத நாள் கிடையாது. கடைசியில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன். "எம் மவன் காரு வாங்கி இத்தன வருசத்துல இன்சூரன்ஸ்காரங்கிட்ட ஒரு பைசா கேட்டதில்ல. நல்லா ஓட்டறான்னு கம்பெனிக்காரனே பாதிக்குப் பாதி தள்ளிக் குடுக்கறான்." குழாயடியில் நிற்கிறவர்களுக்கு அது புரியாது. எனக்கே அப்போது முழுதாகப் புரியாது. ஆனாலும் அது மார்க் வாங்கியது மாதிரி எனக்கு இனிக்கும். அந்த ஒன்றை மட்டும் இப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஒருமுறை ஆரம்பித்தேன். "முடிஞ்சு போனத எதுக்கும்மா கெளர்றீங்க, நாந்தான் காசு குடுத்தேன்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மீதி உன் சட்டைப்பையில் இருக்கும். இதை நான் யாருக்கும் ஒளித்து எழுதவில்லை. திவ்யா படித்துப் பிழை திருத்தித் தந்தாள். உனக்குத் தபாலில் போடும் முன் கீழ் வீட்டுச் செல்வராணிக்கும் படித்துக் காட்டிவிட்டேன்.

அந்தத் தள்ளுபடி எனக்கு எப்படிப் பழக்கமானது என்று உனக்குத் தெரியும். கார் பேப்பரில் நம் வீட்டு விலாசம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் கோத்தகிரி ஏஜெண்டு நடராஜ் புதுப் பேப்பரோடும் ஒரு தினசரிக் காலண்டரோடும் வருவார். முதல் வருடம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் ஒன்றும் கேட்காமல் ஓட்டியதும் நூற்றுக்கு இருபது தள்ளினார்கள். அப்புறம் இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐந்தாம் தடவை ஐம்பது. அதற்கு மேல் ஏறாது என்று அவர் சொன்னபோது, நூற்றுக்கு நூறு ஏன் இல்லை என்று கேட்டேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தனை பேப்பரும் உன் பள்ளிக்கூட மார்க் ஷீட்டுகளோடு என் தகரப்பெட்டியில்தான் இருக்கின்றன. அவற்றை ஒரே பெட்டியில் வைத்ததுதான் என் முதல் தப்பு. மார்க் என்பது நீ செய்ததற்குக் கிடைப்பது. இது நீ கேட்காமல் இருந்ததற்குக் கிடைப்பது. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிய எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

ஆடிக் கடைசியில் நடந்ததைத் திருப்பிச் சொல்கிறேன். உனக்கு மறந்திருக்காது. ஆனால் நீ உனக்குள் வேறு மாதிரி சொல்லிப் பழகியிருப்பாய். நான் பார்த்ததையும் நீ கேட்டுக்கொள். என் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் பேக்கரியில் வர்க்கியும் வாங்கிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை விட்டு, பனிமூட்டம் ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நீ வேகமாக ஓட்டவில்லை. அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் சவுக்கு மரத் திருப்பத்தில் நீ ஹாரன் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்றால், நான் காகிதப் பையைப் பிரித்து உனக்கு வர்க்கி நீட்டிக்கொண்டிருந்தேன், நீ ஒரு கையால் வாங்கிக்கொண்டிருந்தாய். மலை ரோட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிக்க வேண்டும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தேயிலைக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதையில் செல்வராணி கொழுந்து மூட்டையோடு ரோட்டில் இறங்கினாள். எடை போடுகிற இடத்துக்குப் போகிற வழி அது. உன் வண்டியின் இடப்பக்க விளக்கு அவளைத் தட்டியது. மூட்டை அவிழ்ந்து கண்ணாடியெல்லாம் கொழுந்து. துடைப்பான் ஓடிக்கொண்டிருந்ததால் அது கொழுந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட நமக்குத் தோன்றவில்லை.

நீ முதலில் அவளிடம்தான் ஓடினாய். விளக்கைப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. கை முறிந்து கிடந்தவளை இரண்டு பேருமாகத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். வண்டியைத் திருப்பி மேலே ஏறும்போதுதான் நீ முணுமுணுத்தாய். போலீசுக்குப் போனால் கேஸ் ஆகும், வெளிநாட்டு வேலை பேச்சு நடக்கிற நேரம், இன்சூரன்சில் எழுதினால் அத்தனை வருடத்து நோ கிளைம் போனஸ் தள்ளுபடியும் போய்விடும் என்று. என்னைப் பார்த்துக்கூட நீ சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாய். பதில் சொன்னவள் நான். பின்னால் திரும்பி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்: "செல்வராணி, ஆஸ்பத்திரியில கேட்டா கொழுந்து மூட்டையோட வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு தாயி. மத்தத நாங்க பாத்துக்கறோம்." அவள் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னால் நானே சொன்னேன். சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எழுதச் சொன்ன வாய் என்னுடையது.

நீ உன்னால் ஆனதைச் செய்தாய். மாவுக்கட்டுக்கும் மாத்திரைக்கும் கொடுத்தாய், அவள் கையில் இரண்டு தடவை பணமும் வைத்தாய். உடைந்த விளக்கை மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் உன் சொந்தக் காசில் மாற்றிக்கொண்டாய். விளக்கு விஷயத்தில் நீ செய்தது கெட்டிக்காரத்தனம்தான். சின்னச் செலவுக்கெல்லாம் கம்பெனியிடம் போனால், வாங்குகிறதைவிட அடுத்தடுத்த வருடங்களில் தள்ளுபடி போய்க் கட்டுகிறது அதிகமாகிவிடும். உன் வண்டி, உன் விளக்கு, உன் பை. கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். ஆனால் செல்வராணியின் கை உன் வண்டியில் மாட்டிய உதிரிபாகம் இல்லை. அவளுக்குக் கேட்க வேண்டியதை நாம் கேட்காமல் விட்டோம். விட்டது மட்டுமில்லை, அவளையும் கேட்க முடியாமல் செய்தோம்.

அந்தப் பொய் எனக்கு எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பழகிய பொய் அது. உனக்கு ஒரு வயதுகூட ஆகாதபோது உன் அப்பாவுக்கு எஸ்டேட் பேக்டரியில் இலை உருட்டுகிற மிஷினில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. விறகு வெட்டும்போது போனது என்றுதானே நீ கேட்டு வளர்ந்தாய்? அது உண்மையில்லை. அப்போது பேக்டரி வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். விபத்தில்லாமல் எத்தனை நாள் என்று சாக்பீசில் எழுதிவைப்பார்கள். வருடம் முழுக்க விபத்தே இல்லையென்றால் பேக்டரி ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்பளி. வருடம் முடிய இருபது நாள் இருந்தது. ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு நம் லைனுக்கு வந்தார். மிரட்டவில்லை. "ஒங்களால அத்தன பேருக்குக் கம்பளி போயிருமேன்னுதான் பாக்கறேன்" என்றார், அவ்வளவுதான். உன் அப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், வெளியே நின்ற ஆட்களைப் பார்த்தார், சரி என்றார். டிஸ்பென்சரியில் நான்தான் சொன்னேன், வீட்டில் விறகு வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்று. தை மாதம் எல்லோருக்கும் கம்பளி வந்தது. உன் அப்பாவுக்கும் ஒன்று வந்தது. விரலுக்கு ஒன்றும் வரவில்லை. மிஷின் வேலை போய், இலை கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். வீட்டில் வெட்டிக்கொண்டவனுக்கு எஸ்டேட் என்ன செய்யும்?

அந்தப் பழுப்புக் கம்பளியில்தான் நீ பத்தாவது வரைக்கும் படுத்தாய். உன் அப்பா அதை ஒருநாளும் போர்த்தவில்லை. மார்கழிக் குளிரில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பளியை எடுத்துக் கொடுத்தால் "புழுங்குது புள்ள, நீயே வெச்சுக்க" என்பார். நான் அப்போது சிரித்தேன். அவர் போன பிறகு ஒருநாள் அதை வெயிலில் காயப்போடும்போதுதான் சிரிப்பு நின்றது. ஆனாலும் பார், அப்போது புரிந்துகொண்டவள், இத்தனை வருடம் கழித்து அதே வாயால் இன்னொரு வீட்டுக்காரியிடம் அதையே சொன்னேன். அன்றைக்கு என் வீட்டில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து நின்றவர் இடத்தில் இந்த முறை நான் உட்கார்ந்திருந்தேன், அதுவும் முன் சீட்டில், மடியில் வர்க்கிப் பையோடு.

ஐப்பசியில் நடராஜ் வந்தார். இந்த வருடமும் பேப்பரில் ஐம்பது. வழக்கமாக வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இந்த முறை கையில் வைத்துக்கொண்டே ஒன்று கேட்டேன். ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, ரோட்டில் போகிற ஆளுக்கு அடிபட்டால் இந்தத் தள்ளுபடி முழுக்கப் போய்விடுமா என்று. அவர் பேப்பரை என் கையிலிருந்து வாங்கி இரண்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா, இதுல ரெண்டு பாகம் இருக்கு. இது உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கு. தள்ளுபடி இதுல மட்டுந்தான். வண்டி ரிப்பேருக்குக் காசு கேட்டீங்கன்னா, சேத்து வெச்ச அத்தன வருசமும் அழிஞ்சு மறுபடி சைபர்ல இருந்து ஏறோணும். இந்தப் பாகம் அடுத்த ஆளுக்கு அடிபட்டா குடுக்கறது. இது இல்லாம வண்டிய ரோட்டுல எறக்கவே கூடாதுன்னு சட்டம். இதுல கம்பெனி எவ்வளவு குடுத்தாலும் உங்க தள்ளுபடிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாதுங்க." நான் பேப்பரைத் திருப்பி வாங்கி மடித்தேன். "ஏனுங்கம்மா, யாருக்காச்சும் பட்டுருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விறகுக் கத்தி ஒன்று, வழுக்கியது ஒன்று, இது மூன்றாவது பொய். அவர் போனதும் காலண்டரை மாட்ட ஆணி தேடினேன். ஆணி கிடைத்தும் மாட்டாமல் வைத்துவிட்டேன்.

நாம் பொத்திப் பொத்திக் காத்த பொருளைத் தொட யாருமே வரவில்லை, மகனே. ஆனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். தள்ளுபடி போகாது என்று தெரிந்ததால்தான் அம்மா இப்போது நியாயம் பேசுகிறாள் என்று நீ நினைக்கக்கூடாது. அது போவதாகவே இருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். கொஞ்சம் தாமதமாக எழுதியிருப்பேனோ என்னவோ, அந்தச் சந்தேகம் எனக்கே என் மேல் இருக்கிறது. அதனால்தான் இப்போது தாமதிக்கப் பயப்படுகிறேன்.

மறுநாள் செல்வராணி வீட்டுக்குப் போனேன். நம் லைனுக்குக் கீழே மூன்றாவது வீடு, மூன்று மாதத்தில் நான் எத்தனை முறை எட்டிப்பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தலை குனியும். வாசலில் உட்கார்ந்து இடது கையால் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கு அந்த இரண்டு விரல் சேராவிட்டால் மற்ற எட்டும் இருந்து என்ன பயன்? காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவள், வேலைக்குப் போகாத நாளுக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது. மூட்டையோடு தன் கவனக்குறைவால் விழுந்தவள் என்று எழுதியாகிவிட்டதால் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவும் இல்லை. அவள் மகள் பி.காம். இரண்டாம் வருடத்தில் பீஸ் கட்டாமல் நின்று, துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். குழாயடியில் நான் பட்டியல் சொல்லும்போது அந்தப் பெண்ணும் குடத்தோடு நின்றிருக்கிறாள்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரை செல்வராணி நிமிரவில்லை. பிறகு, "விடுங்கக்கா, தம்பி வேணும்னேவா பண்ணுச்சு?" என்றாள். வெளியூர் போகிற நேரத்தில் உனக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. உரித்ததை முறத்தில் போட்டுவிட்டு, எனக்குப் பதிலாக அந்த முறத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "முப்பது வருசம் இந்தச் சரிவுல ஏறி எறங்கிருக்கேங்கா. மழையில, அட்டக்கடியில, புள்ள வயித்துல இருக்கறப்ப. ஒரு நா, ஒரே நா, நான் வழுக்குனதில்ல. இப்ப மலைக்குப் போற பொம்பளைங்க என்னயக் கண்டா, 'பாத்து வாடி வழுக்கி'ங்குறாளுக. டாக்டரு மூணு வாட்டி கேட்டாரு. மூணு வாட்டியும் நீங்க சொன்னதத்தான் சொன்னேன்." காசைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளுக்குக் கையைவிட அந்தப் பேர்தான் வலித்திருக்கிறது. அதை நான் கொடுத்தேன். இருந்தும் எழுந்து வரும்போது, "பீன்ஸ் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்கக்கா, உங்களுக்கு மெல்ல நோகாது" என்று என் பல்லைக் கேலி செய்தாள். அந்தக் கேலி இல்லாவிட்டால் அன்றைக்கு என்னால் படி ஏறி வீட்டுக்கு வந்திருக்க முடியாது.

அப்புறம் திவ்யாவைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரியில் ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முதலில் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் லைசென்சும் வண்டியின் பேப்பரும் அன்றைக்குச் சரியாக இருந்தன, அதனால் அவளுக்குச் சேர வேண்டியதைக் கோர்ட் தீர்மானித்தால் இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்கும். உன் கையிலிருந்து கேட்கமாட்டார்கள். இதற்குத்தானே வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறாய்? மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், பிந்தினால் ஏன் பிந்தியது என்று கேள்வி வரும். மாசி பிறந்தால் ஆறு மாதம். கம்பெனி சும்மா கொடுத்துவிடாது, ஆஸ்பத்திரிச் சீட்டில் வழுக்கி விழுந்ததாக இருக்கிறதே என்று எதிர்த்துப் பேசும். அந்த இடத்தில், நான் பார்த்தேன், நான்தான் பொய் சொல்லி எழுத வைத்தேன் என்று ஒருத்தர் நின்று சொன்னால்தான் செல்வராணியின் பேச்சு நிற்கும். "உங்களையும் கேள்வி மேல கேள்வி கேப்பாங்கம்மா, தாங்குவீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்கட்டும் என்றேன். என்னிடம் யாரும் கேள்வி கேட்டு முப்பது வருடம் ஆகிறது, பதில் நிறைய மிச்சம் இருக்கிறது.

உன்னைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? ஜாக்கிரதையில்லாமல் ஓட்டியதாக உன் மேல் ஒரு கேஸ் வரும் என்றார். அபராதத்தோடு போகலாம். பயணம் தள்ளிப்போனாலும் போகலாம், தள்ளாமலும் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் தானே போய் உண்மையைச் சொல்கிறவனுக்கும் பிறகு பிடித்துக்கொண்டு வரப்படுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு என்றார். ஆகவே உனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் பொய்த் தைரியம் சொல்லமாட்டேன். ஆகலாம். கத்தார் வேலை கைவிட்டுப் போனாலும் போகலாம். அப்படிப் போனால் நான் அழுவேன். அழுதுகொண்டேதான் சாட்சியும் சொல்வேன். உன் மனைவிக்கு என் மேல் கோபம் வரும். அவளிடம் சொல், அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன், இடம் இருக்கிறது.

வண்டியை விற்றுவிட்டுப் போகப்போவதாகச் சொன்னாய். இந்தக் காரியம் முடிவதற்குள் அவசரப்பட்டு விற்காதே, பேப்பர் எதையும் தொலைக்காதே. விற்கிற நாளில் கம்பெனியிடம் அந்தத் தள்ளுபடிக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள். நடராஜ் சொன்னார், அது வண்டிக்குச் சேர்ந்ததல்லவாம், ஓட்டியவன் பேருக்குச் சேர்ந்ததாம். வாங்குகிறவனுக்கு அது போகாது. மூன்று வருடத்துக்குள் நீ திரும்பிவந்து வேறு வண்டி வாங்கினால் அங்கேயிருந்தே தொடரலாமாம். வேறு கம்பெனிக்கு மாறினாலும் உள்ளதை உள்ளபடி எழுது. கேட்டு வாங்கியதை மறைத்து, கேட்கவே இல்லை என்று எழுதினால், பிறகு பெரிதாக ஒன்று நடக்கும்போது கையை விரித்துவிடுவார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் புதிதாகத் தெரிந்ததால் எழுதுகிறேன். வண்டி கை மாறினாலும் ஓட்டியவன் பேரிலேயே நிற்பது தள்ளுபடி மட்டும் இல்லை என்பதையும் அவர் சொன்ன அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் தீர்மானித்ததைச் சொல்கிறேன். பொங்கல் கழிந்து வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நானும் செல்வராணியும் கோத்தகிரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். அங்கே சொல்லிவிட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று அங்கேயும் சொல்லப்போகிறேன். வக்கீல் அம்மா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். செல்வராணியைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் அவள் மகள்தான், "பெரிம்மாவே வர்றாங்கல்ல, கெளம்பும்மா" என்று சொன்னாள். நீ ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டால் மூன்று பேரும் உன் வண்டியில் போகலாம். அவள் முன் சீட்டில் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடி. நீ வராவிட்டால் பஸ் இருக்கிறது, இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை முடிந்துவைத்திருக்கிறேன். வரச்சொல்லி நான் கெஞ்சவில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்பதை உனக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக்கூடாது, அதற்காக.

உன்னைப் பற்றிய என் பெருமை குறைந்துவிட்டதா என்று கேட்பாய். குறையவில்லை. பனிக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, விளக்கைப் பார்க்காமல் மனுஷியிடம் ஓடியவனைத்தான் நான் பெற்றேன். அவனை நடுவழியில் திருப்பிக் கூட்டிவந்தவள் நான். அந்த இடத்துக்கே உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் நீ எந்த நாட்டுக்குப் போனாலும் குழாயடியில் பட்டியல் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டு நடுச்சுவரில், நீ கார் வாங்கிய அன்றைக்கு எடுத்த படம் இருந்ததல்லவா, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நான் முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேனே, அதைக் கழற்றித் தகரப்பெட்டியில் வைத்துவிட்டேன். ஆணி மட்டும் நிற்கிறது. அதற்கு ஒரு புதுப் படம் வேண்டும். நீயும் மருமகளும் யாழினியும் நிற்கிற மாதிரி, வண்டி இல்லாமல். போனில் அனுப்பாதே, போனில் வந்தது திவ்யாவோடு போய்விடுகிறது. பிரிண்ட் போட்டு, அட்டை வைத்து, தபாலில் அனுப்பு. பின்பக்கம் எடுத்த தேதியை உன் கையால் எழுது. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிந்திய தேதியாக இருந்தால்தான் ஆணியில் மாட்டுவேன்.

அம்மா